ஆடியில் வீடு பார்க்கிறவள்

ஜூலை 18

இது போன வருடத்து டைரி. ஏதோ மருந்துக் கம்பெனிக்காரர் ஆஸ்பத்திரி பெஞ்சில் விட்டுவிட்டுப் போனது. தேதி சரியாக இருக்கும், கிழமை தப்பாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குடும்பம் நின்று சிரிக்கிறது. பின்னால் சிவப்புக் கூரை போட்ட வீடு, முன்னால் புல்தரை. பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அந்தப் புல்லுக்கு யார் தண்ணீர் விடுகிறார்களாம்?

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், டு லெட் போர்டுகள் அப்படியே தொங்கும். ‘இப்போதைக்குப் பார்த்து வைக்கிறோம், ஆவணியில் பால் காய்ச்சுகிறோம்’ என்று சொன்னால் எந்த ஓனரும் அட்வான்ஸ் கேட்டு நெருக்க மாட்டார். எனக்கு இதைவிடத் தோதான மாதம் கிடையாது. நான் குடிபோவதற்காக வீடு பார்ப்பதில்லை. முகம் கால் கழுவ, ஃபேனுக்குக் கீழே உட்கார, கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் தனியாக இருக்கப் பார்க்கிறேன். அதற்காகவே சாம்பல் நிறக் காட்டன் புடவை ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து இஸ்திரிக்காரர்தான் அதைத் தேய்த்துத் தருகிறார். அது கசங்கினால் யாரும் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

படுப்பது ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்குகிற ஹாலில். எங்கள் அவர் இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் இருந்தபோது வந்து படுத்த இடம். அவர் போய்விட்டார். நான் போகவில்லை. நாங்கள் இருந்த வாடகை வீட்டில் அதற்குள் வேறு ஆள் குடிவந்தாயிற்று. இங்கே யாராவது ‘உங்களுக்கு யாரும்மா அட்மிட் ஆயிருக்காங்க?’ என்று கேட்டால், ‘எங்க அவர்’ என்று சொல்லிவிடுவேன். பகலில் நிற்க முடியாதவர்களுக்கு டோக்கன் வரிசையில் நின்று கொடுக்கிறேன். சாப்பாட்டுக்கு ஆகிறது.

ஹால் நாறுகிறது. பினாயில், புளித்த தயிர்சாதம், நனைந்த பாய். டியூப்லைட்டை இரவும் பகலும் அணைப்பதே இல்லை. போதாததற்குச் சுவரில் யாரோ புண்ணியவான்கள் வந்து ஒட்டகச்சிவிங்கி வரைந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மனுஷி மாதிரி கண் இமை. நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அது என்னையே பார்க்கிறது.

ஜூலை 20

பஸ் ஸ்டாப்பில் புது பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பளபளவென்று ஸ்டீல். நடுநடுவே பூங்கொடி மாதிரி வளைத்த கம்பி. ஒரு காலேஜ் பெண் ‘செம க்யூட்’ என்று போட்டோ எடுத்துக்கொண்டாள். யாரும் காலை நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பூங்கொடி. பழைய பெஞ்சில் மத்தியானம் ஒரு பெரியவர் படுத்திருப்பார். இன்று சாக்கடை மூடிமேல் படுத்திருந்தார்.

எதிர்ச் சுவர் நீளத்துக்கும் மயில் வரைந்திருக்கிறார்கள். மயிலின் காலடியில் வரிசையாக ஒன்றுக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பெயின்டுக்கு ஆன செலவில் கதவு வைத்த கழிப்பறை ஒன்று கட்டியிருந்தால் மயிலும் நாறியிருக்காது.

வீடு இருந்தபோது இதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை. பஸ் ஜன்னல் வழியாக ஊர் ஓடும், வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொள்வேன், அத்தோடு சரி. இப்போது நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பார்த்தது போதும் என்று சாத்திக்கொள்ள என்னிடம் கதவு இல்லை.

ஜூலை 22

அயனாவரத்தில் ஒரு இரண்டாவது மாடி. ஓனரம்மா வாசலிலேயே பரீட்சை வைத்தாள்.

“எத்தனை பேரு?”

“நானும் எங்க அவரும்தாங்க.”

“பசங்க?”

“இல்லீங்க.”

“அவரு எங்க வேலை?”

“ரிட்டயர்டுங்க.”

“கெஸ்ட் வந்தா முன்னாடியே சொல்லிடணும். தண்ணி காலைல ஒரு மணி நேரம்தான். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, பூஜை ரூம்ல சாம்பிராணி போடக் கூடாது, பெயின்டு கருத்துடும்.”

தன் பெயின்டின்மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை. என்ன நிறம் தெரியுமா? பேதி மருந்து நிறம். தரையில் க்ரீம் கலர் டைல்ஸ், ஓரத்தில் காபிப்பொடி நிறத்தில் இலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைல்ஸ் கடையில் சேல்ஸில் இருந்தபோது, ‘நரம்பு ஓடுது பாருங்க, அசல் மார்பிள் தோத்துடும்’ என்று சொல்லி நானே எத்தனையோ பேர் தலையில் கட்டிய அதே டிசைன். கடை மூடிவிட்டது. டைல்ஸ் மட்டும் சாகாமல் ஊர் முழுக்கக் கிடக்கிறது.

பாத்ரூமில் முகம் கழுவினேன். ஹால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு வழக்கம்போல ஒரு குறை. குறை சொல்லாமல் கிளம்பினால் ஆசை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போன் நம்பர் கேட்பார்கள்.

“சிங்க் ரொம்பத் தாழ்வா இருக்கே. எதுக்கும் எங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க.”

இந்த ஒரு வாக்கியம் போதும். புருஷனைக் கேட்காமல் முடிவெடுக்காத பெண்மணி என்று உடனே மரியாதை வந்துவிடுகிறது. வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்ததும் இரண்டாம் மாடிவரை ஏறிவிட்டு இறங்கினேன். காலுக்கு நல்லது.

ஜூலை 24

மழை. புடவை நனைந்துவிட்டது. வீடு பார்க்கப் போகவில்லை.

ஜூலை 27

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வில்லிவாக்கத்தில் ஒரு கீழ்ப்போர்ஷன். எனக்குப் பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். பருத்த உடம்பு, கிளிப்பச்சைப் புடவை, கொண்டையில் பிளாஸ்டிக் ரோஜா, வாய் நிறைய வெற்றிலை. ஓனரம்மா இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே விட்டாள். இவள் ஹாலைப் பார்க்கவில்லை, சமையல்கட்டைப் பார்க்கவில்லை. நேராக, “பாத்ரூமு எந்தாண்ட?” என்று கேட்டுக்கொண்டு கைப்பையோடு உள்ளே போய்விட்டாள். போனவள் போனவள்தான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஓனரம்மா என்னைப் பார்க்கிறாள், நான் சுவரைப் பார்க்கிறேன். வெளியே வந்தபோது அவள்மேல் சந்தன சோப்பு வாசனை, பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

“வாசப்படி தெக்க பாத்துக்கினு கீதே. எங்க மாமியாரை ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேன்மா” என்றாள்.

ஓனரம்மா இருவரையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்பினாள். எனக்கு உட்காரக்கூட வாய்க்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் அந்தப் பெண்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். “நீயும் அதுக்குத்தானே வந்தே?”

“எதுக்கு? நான் வீடு பார்க்க வந்தேன்.”

“நானுந்தான்” என்றாள்.

எவ்வளவு அழகாக, எவ்வளவு பதமாக நான் செய்கிற காரியம். அதை இவள் இப்படிக் கேவலப்படுத்துகிறாள். இவளைப் பார்த்த கண்ணால்தான் அந்த ஓனரம்மா என்னையும் பார்த்தாள். இரண்டாம் மாடிவரை வேகமாக ஏறி இறங்கினேன்.

ஜூலை 30

அவள் பெயர் பங்கஜவல்லி. டோக்கன் வரிசையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள், மண்டபத்திலேயே படுக்கை. ஆடியில் கல்யாணம் ஏது? வெள்ளையடிக்க வேண்டும் என்று மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். மார்க்கெட் ஷட்டர் ஓரம் படுத்துக்கொள்கிறாளாம்.

“ஒண்டியா போனா எவனும் வூடு தர மாட்டான் தங்கச்சி. அக்கா தங்கச்சின்னு போய் நின்னா தருவான். நெசமாவே ஒரு வூடு புடிப்போம். ரெண்டு பேரும் சம்பாரிக்கிறோமில்ல?”

அவள் டீ குடிக்கிற சத்தம் வரிசை முழுவதும் கேட்டது. கையில் ஒரு பெரிய பை, மண்டபத்தில் கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் மாலைகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆரஞ்சு, ரோஸ், நீலம். நீலத்தில் சாமந்தி எந்த ஊரில் பூக்கிறது?

“இன்னாத்துக்குன்னு பாக்கிறியா? நம்ம வூட்டு வாசல்ல கட்டுறதுக்கு.”

நீலச் சாமந்தி தொங்குகிற வாசல்! ஆனால் நம்ம வூடு என்று அவள் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

எங்கள் அவர் காலமாகிவிட்டார் என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

பெரம்பூரில் ஒரு சின்னத் தெரு. பங்கஜவல்லி கூப்பிட்டாள், போனேன். ஓனர் பெயர் ஏகாம்பரம், ஐம்பது வயது இருக்கும். அம்மா ஆனியில் இறந்துபோயிருக்கிறார், அவிட்ட நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் வீட்டை ஆறு மாதம் அடைத்துப் போட்டுவிடுவார்கள், அடைப்பு என்று பெயர். சொந்தக்காரர்கள் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்களாம். அவர் குடும்பத்தோடு அடுத்த தெருவில் தம்பி வீட்டில் இருக்கிறார். பூட்டிய வீட்டில் மோட்டாரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், கரையான் வேறு.

“எங்களுக்குத்தாம்மா அடைப்பு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அட்வான்ஸ் வேணாம், ஆறு மாசம் வாடகையும் வேணாம். கரண்டு பில் கட்டிக்கிட்டு, சாயங்காலம் அம்மா படத்துக்கு ஒரு விளக்கு ஏத்துனா போதும். அப்புறமா வாடகை பேசிக்கலாம்” என்றார்.

பங்கஜவல்லி எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டாள். தான் அக்கா, நான் தங்கை, எனக்குப் புருஷன் இல்லை, இரண்டு பேருக்கும் வேறு நாதியில்லை. “அடைப்பு எங்கள இன்னா பண்ணும் சார்? தெருவுல கெடக்கிறதவிடவா?” என்று வேறு கேட்டாள். அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன்.

சுவரில் டால்பின். மூன்று டால்பின்கள் நீல அலையிலிருந்து துள்ளுகின்றன, மூன்றுக்கும் இளிப்பு. கடையில் எவனும் சீந்தாமல் தேங்கிப்போன டிசைன். ‘மீனை எதுக்கும்மா பாத்ரூமுல ஒட்டறது?’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள்தான் அதிகம். அதைவிட அசிங்கமான டைல்ஸ் நான் விற்றதில்லை.

ஆனால் தரை காய்ந்திருந்தது. கதவுக்குப் பின்னால் புடவை மாட்ட ஒரு கொக்கி. தாழ்ப்பாள் சுலபமாக விழுந்தது. சுவிட்ச் உள்ளேயே இருந்தது. அணைத்தேன். இருட்டிவிட்டது. வெண்டிலேட்டர் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். நானாகப் போட்டு நானாக அணைக்கிற விளக்கு எத்தனை அழகான பொருள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. அங்கே நின்று அழுதேன். அந்த டால்பின்களுக்கு முன்னால் அழுதது எனக்கே கேவலமாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஏகாம்பரம் கேட்டருகே சாவியை நீட்டியபடி நின்றார். பங்கஜவல்லி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? கையைத்தான் நீட்டினேன். வாய் அதன்பாட்டுக்குப் பேசியது.

“வெண்டிலேட்டர் ரொம்பச் சின்னதா இருக்கு. சமையல்கட்டும் மூலை சரியில்ல. எதுக்கும் எங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க.”

சாவி திரும்பிப் போய்விட்டது.

“அவர் தவறிட்டார்னு இப்பத்தான உங்க அக்கா சொன்னாங்க?” என்றார் ஏகாம்பரம். கோபமாகச் சொல்லவில்லை. பங்கஜவல்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் எங்கள் பைகளைப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்றேம்மா” என்று கேட்டைப் பூட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 4

இரண்டாம் மாடிவரை ஏறினேன். அவர் கிடந்த ஜன்னலோரப் படுக்கையில் யாரோ ஒரு வாலிபன், காலில் கட்டு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 6

பங்கஜவல்லி வந்து ஹாலில் எல்லாருக்கும் முன்னால் சண்டை பிடித்தாள்.

“இன்னாத்துக்குடி அப்டி சொன்னே? சாவி கைக்கு வந்துச்சுடி! மெத்த வேணும்னு கேட்டனா, ஏசி வேணும்னு கேட்டனா? ஒரு கதவு கேட்டேன்!”

“பழக்கதோஷம். வாய் தவறிடுச்சு.”

“வாய் தவறல. வாச்மேனைக் கேட்டேன். நீ தினோம் மாடிக்கிப் போயி நின்னுக்கினு வர்றியாமே, யார பாக்கப் போறே?”

“காலுக்கு நல்லது.”

“காலுக்கா!” என்றாள். சுவரோரமாகத் துப்பினாள். சரியாக ஒட்டகச்சிவிங்கியின் குளம்பில். பிறகு போய்விட்டாள்.

பிளாஸ்டிக் மாலைப் பையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தலைமாட்டில் வைத்திருக்கிறேன். கெட்டுப்போன ரோஸ்மில்க் வாசனை அடிக்கிறது. தூக்கி எறியலாம்தான். எறியவில்லை.

ஆகஸ்ட் 7

கொளத்தூரில் ஒரு வீட்டைப் பார்த்தேன். புது வீடு, பெரிய பாத்ரூம், வெள்ளை டைல்ஸ், ஒரு குறையும் இல்லை. உள்ளே போனதும் சுவிட்ச் எங்கே என்று தேடினேன். வெளியே இருந்தது. பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

பங்கஜவல்லி திரும்ப வந்தாள். பைக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“அந்த சாரைப் பாத்தேன். பேசிட்டேன்.”

“என்னன்னு பேசினே?”

“உள்ளதத்தான். என் தங்கச்சிக்கு புருசன் போனது இன்னும் மனசுல ஏறல சார், எதுன்னாலும் தினோம் போயி அவர்கிட்ட கேட்டுக்கினுதான் வரும்னேன்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “என்னைப் பைத்தியம்னு சொல்லிட்டு வந்திருக்கே!”

“பைத்தியம்னு எங்க சொன்னேன்? கேட்டுக்கினு வரும்னுதானே சொன்னேன். அதுல இன்னா பொய்யி?”

குறை சொல்வதற்கு எனக்கு வார்த்தை கிடைக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

“அவரு இன்னா சொன்னாரு தெர்மா? எங்கப்பா போனதுக்கப்புறம் எங்கம்மாவும் ரெண்டு தட்டுதாம்மா வைப்பாங்கன்னாரு. உன் தங்கச்சிய நிதானமா கேட்டுட்டு வரச் சொல்லு, அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னாரு.”

பரிதாபப்பட்டுத் தருகிற வீடு. சாவு விழுந்த வீடு. இளிக்கிற டால்பின். நீல மாலையும் வெற்றிலை எச்சிலுமாக இவள். இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன அருவருப்பு வேண்டும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். கால்காசு மரியாதையாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

அவள் எழுந்து போகவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 10

மாடிக்குப் போகவில்லை.

பிறகு போனேன்.

ஜன்னலோரப் படுக்கை காலி. புது விரிப்பு போட்டிருந்தார்கள். நர்ஸ், “யாரைப் பாக்கணும்மா?” என்றாள். யாரையும் இல்லை என்று சொன்னேன். ஆனாலும் கொஞ்ச நேரம் நிற்கவிட்டாள். நல்ல பெண்.

ஆகஸ்ட் 12

சாம்பல் புடவையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டேன். ஒரு துணிப்பை, இந்த டைரி, அவருடைய மூக்குக்கண்ணாடி. என் சாமான் அவ்வளவுதான். பங்கஜவல்லி பஸ் முழுக்க மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடமெல்லாம் “புது வூட்டுக்குப் போறோம்” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஆடியில், அதுவும் அடைப்பு வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இந்தச் சென்னையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருப்போம். ஒருத்தி அவளை முறைத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள். நானாக இருந்தாலும் மாறித்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஏகாம்பரம் கேட்டருகே காத்திருந்தார். அடைப்பு என்பதால் அவர் படியேறவில்லை, தெருவிலேயே நின்றார். சாவி கையில் இருந்தது, ஆனால் நீட்டவில்லை. என்னை நேராகப் பார்க்கத் தயங்கி, செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அவர்கிட்ட கேட்டீங்களாம்மா?”

பங்கஜவல்லி முழங்கையால் இடித்தாள். நடிக்க வேண்டுமாம். அவளுக்கு என்ன தெரியும்?

“கேட்டேங்க” என்றேன்.

“என்ன சொன்னார்?”

“சரின்னுட்டார்.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. “பாத்ரூம்ல அந்த டால்பின்தான் அவருக்குப் பிடிக்கலையாம்.”

பங்கஜவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

“எங்கம்மா ஆசைப்பட்டு ஒட்டினதும்மா. ஆறு மாசம் போகட்டும், மாத்திக்கலாம். அவர்கிட்ட சொல்லிடுங்க” என்று சாவியைக் கொடுத்தார்.

சொல்லிவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பங்கஜவல்லி உள்ளே ஓடி எல்லா விளக்கையும் போட்டாள், எல்லா விளக்கையும் அணைத்தாள், மறுபடி போட்டாள். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதை யோசிக்காமல் சாவியை வாங்கிவிட்டேன்.